மஞ்சள் வரிசையில் ஒரு பச்சை மரம்

ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த அறுபத்து மூன்றாம் எண் பப்பாளிக் கன்று என்ன ஆனது? இந்தக் கேள்வியோடுதான் போன வாரம், அங்கே விஞ்ஞானியாக இருக்கும் மூத்தவளை விட்டு வந்தோம். பதிவேட்டில் 'காய்ந்தது' என்று இருக்கிறது. காய்ந்ததை எரித்ததற்கான கையெழுத்து மட்டும் இல்லை. பதினோரு மாதத்துக்கு முந்தைய பக்கம். எழுதியது அவளேதான்.

இரண்டு இரவு தூக்கம் கெட்டுப் பதில் தேடினாள். அந்தப் பதில் தன் அப்பாவின் தோட்டத்திலேயே வேர்விட்டு நிற்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் தோட்டத்துக்கு வந்தாள். ஆறு வருடமாக நிலையத்துக் குவார்ட்டர்ஸில் தனியாக இருப்பவள், ஒவ்வொரு புதனும் வருவாள். நோய்ப்பட்ட இலைகளைப் பறித்துப் போய், அரைத்து, அந்தச் சாற்றைத் தன் கன்றுகளின் மேல் தேய்த்துப் பார்ப்பது அவளுடைய வேலை. ஊரிலேயே நோய் முற்றிய தோட்டம் அவள் வீட்டுத் தோட்டம். இலைக்குப் பஞ்சமே இல்லை.

நானூறு மரங்கள். அசுவினிப்பூச்சி கொண்டு வந்து கொடுத்த வைரஸ் இரண்டே வருடத்தில் எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிட்டது. இலைகள் சுருங்கிக் கயிறுபோலத் தொங்கின. இருந்த சில காய்களிலும் வளையம் வளையமாகப் புள்ளிகள். அப்பா மட்டும் தினமும் காலையில் ஒரு சுற்று வருவார், ஆஸ்பத்திரி வார்டில் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல.

வழக்கமாக அவள் முன் வரிசைகளிலேயே இலை பறித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். இன்று அங்கே நல்ல இலை, அதாவது நன்றாகக் கெட்ட இலை, கிடைக்கவில்லை. கடைசி வரிசைவரை நடந்தாள். பம்ப் அறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனவள் அப்படியே நின்றாள்.

ஒரு பப்பாளி மரம். அவள் உயரத்தைவிட ஓர் அடி அதிகம். விரித்த கைபோல அகல அகலமான இலைகள், கரும்பச்சை. தண்டில் ஒரு கீறல் இல்லை. கழுத்தைச் சுற்றி ஒன்பது காய்கள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு வளையம்கூட இல்லை.

அரை நிமிடம் அவளுக்குச் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. இப்படி ஒரு மரத்தை இந்த மண்ணில் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று. பிறகு தண்டின் தடிமனைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். மரத்தின் வயது பத்து, பதினோரு மாதம் இருக்கும்.

பம்ப் அறைக்குள்ளிருந்து தம்பி வெளியே வந்தான். எந்நேரமும் கையில் ஸ்பேனரோடு திரிவதால் அவனுக்கு ஸ்பேனர் என்றே பெயர். ஆராய்ச்சி நிலையத்தில்கூட அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பசுமைக்குடிலின் தண்ணீர்க் குழாய்களைப் பழுதுபார்க்கப் போன வருடம் அவன் மூன்று நாள் அங்கே வந்து போனான். அதே வாரத்தில்தான் அவளுக்குச் சாப்பாட்டு டப்பா கொடுக்க அப்பாவும் வந்தார்.

"இது எப்ப வச்சது?" என்றாள்.

"எது?"

"முன்னாடி நிக்கிறதுடா."

ஸ்பேனர் மரத்தைப் பார்த்தான். பிறகு தன் செருப்பைப் பார்த்தான். "தானா முளைச்சிருக்கும்."

"நானூறு மரம் மஞ்சளா கிடக்கு. இது ஒண்ணு மட்டும் தானா முளைச்சு, தானா பச்சையா நிக்குதா? தானா சொட்டுநீர்க் குழாயும் போட்டுக்கிச்சா?"

மரத்தின் அடியில் புதுக் குழாய் ஒன்று வளைந்து வந்திருந்தது. சுற்றிலும் மூங்கில் தட்டியில் ஒரு சின்ன வேலி. அவன் கையில் இல்லாத எண்ணெய்க் கறையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவள் ஓர் இலையைக் கிள்ளிப் பையில் போட்டு மூடினாள். ஒரு வார்த்தை பேசாமல் ஸ்கூட்டரை எடுத்தாள்.

வழி நெடுக அவளுக்குள் கணக்கு ஓடியது. ஏழு வருட வேலை. வைரஸின் மேலுறைக்கான மரபணுவில் ஒரு துண்டை எடுத்துப் பப்பாளியின் செல்லுக்குள் வைத்து, அதிலிருந்து கன்று எழுப்பி, நூற்றுக்கணக்கில் செத்து, கடைசியில் தேறியவை சில. இதை அவள் வீட்டில் முதன்முதலாக விளக்கியபோது அப்பாவும் தம்பியும் தலையை மட்டும் ஆட்டினார்கள். தையல்கடை வைத்திருக்கும் அம்மாதான் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "வைரஸ் போட்டிருக்கிற சட்டையோட அளவை மரத்துக்கிட்ட குடுத்துடுறீங்க. அந்த அளவுச் சட்டையோட எவன் உள்ள வந்தாலும் மரம் கிழிச்சுப் போட்டுடும். அவ்வளவுதானே?" அவ்வளவேதான். ஆய்வுக் கட்டுரையில் அதற்கு நாற்பது பக்கம் ஆனது.

நாளைக் காலை பாதுகாப்புக் கமிட்டி கூடுகிறது. அந்தக் கன்றுகளை முதல்முறையாகத் திறந்த நிலத்தில் நட அனுமதி தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும். அதற்கு முன், இன்று மாலை ஐந்து மணிக்குள் அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 'சோதனைக் கன்று எதுவும் இந்த வளாகத்தை விட்டு வெளியே செல்லவில்லை.' ஒரே ஒரு வரி.

வெளியே போயிருந்தால்? அந்த மரம் பூத்திருக்கிறது. காய்த்திருக்கிறது. மகரந்தம் எங்கெங்கே போனதோ. அவள் வேலை போவது இருக்கட்டும், இந்த மரங்களை இனி ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

துறைத்தலைவியின் அறைக்குள் போனதும் அவள் உட்காரவில்லை.

"மேடம், அறுபத்து மூணு கிடைச்சிருச்சுன்னு நினைக்கிறேன்."

"எங்க?"

"எங்க அப்பா தோட்டத்துல."

தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அறுபதை நெருங்கும் மெல்லிய பெண்மணி. அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. அதனால் எல்லோருக்கும் அவரிடம் பயம் அதிகம்.

"யாருக்காவது தெரியுமா?"

"உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்."

"காலையிலேயே அந்த மரத்தை வெட்டிப் போட்டுட்டு வந்திருக்கலாம் நீ."

"வந்திருக்கலாம்."

தலைவி கையை நீட்டினார். "இலை கொண்டு வந்திருக்கியா?"

பையை நீட்டினாள்.

"சோதனையை நீ பண்ணக் கூடாது. உன் வீட்டு மரம். நான் பண்றேன். கழிவை எரிக்கிற அறையில தனியா ஒரு புத்தகம் இருக்கும், அதையும் கொண்டு வரச் சொல்றேன்." எழுந்து, ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டை எடுத்தார். அதை அவர் போட்டுப் பார்த்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஒரு பொத்தான் இல்லை. "பைப்பெட் பிடிச்சு நாளாச்சு. சிரிக்கக் கூடாது."

சிரிக்கும் நிலையில் அவள் இல்லை.

மதியம் ஒரு மணிக்கு நடைபாதை பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தபோது ஸ்பேனர் வந்தான். கையில் அம்மா கொடுத்தனுப்பிய டப்பா. அதைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான்.

"இலையைப் பறிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்ட."

"எங்க கன்று ஒண்ணு கணக்குல வரலைடா. அந்த இலையைச் சோதனைக்குக் குடுத்திருக்கேன். மேடத்துக்கிட்ட சொல்லிட்டேன்."

அவன் திரும்பினான். "சொல்லிட்டியா?"

"சொல்லாம எப்படிடா?"

"அதுக்கு முன்னாடி எங்கிட்ட கேக்கணும்னு தோணலையா அக்கா?"

"கேட்டேனே. நீதான் செருப்பைப் பாத்துட்டு நின்ன."

அவன் டப்பாவின் மூடியை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அக்காவின் பென்சிலைத் தொலைத்துவிட்டு ஜாமெட்ரி பாக்ஸை மூடி மூடித் திறந்த அதே விரல்கள். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நான்தான் எடுத்தேன். குழாய் ரிப்பேருக்கு வந்தப்ப. டூல்ஸ் பைக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போனேன். அப்பா ராத்திரியெல்லாம் தூங்காம கூரையையே பாத்துட்டு இருந்தாரு. ஒரு மரமாவது நல்லா இருந்தா அவரு தூங்குவாருன்னு நினைச்சேன். போதுமா? என்மேல எழுதிக்கோ."

அவளுக்கு வந்தது கோபமா, பாசமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. ஆனால் ஏழு வருடப் பழக்கம் அவளைக் கேட்க வைத்தது.

"கன்று எதுல இருந்துச்சு?"

"எதுலன்னா? கறுப்பு பிளாஸ்டிக் பையில. மண்ணோட."

"அந்த மாசம் ஒரு கன்றுகூட மண்ணுக்கு வரலைடா. எல்லாம் கண்ணாடிக் குப்பியில இருந்துச்சு."

ஸ்பேனர் விழித்தான்.

"யாரைக் காப்பாத்துற?"

அதற்கு அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடைபாதையின் கோடியில் அப்பா வந்துகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அதிகாரிகளைப் பார்க்கப் போவதென்றால் இப்படித்தான் கிளம்புவார். பிள்ளைகள் இருவரையும் பார்த்ததும் நடை கொஞ்சம் தயங்கியது.

"உங்க மேடம் எந்த ரூம்மா?"

"எதுக்குப்பா?"

"ஒண்ணு சொல்லணும். காலையில நீ அந்த மரத்துல இலை பறிச்சதைத் தூரத்துல இருந்து பாத்தேன்." உட்காரவில்லை. பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கன்றை நான்தான் எடுத்தேன். உனக்குச் சாப்பாடு கொண்டு வந்த அன்னிக்கு. டப்பாப் பைக்குள்ள போட்டுட்டேன். இவனுக்கு இதுல ஒண்ணும் சம்பந்தமில்லை."

"எதுல இருந்துச்சுப்பா?"

"தொட்டியில."

"எந்தத் தொட்டியில?"

"மண் தொட்டியிலம்மா. சின்னதா."

மூத்தவள் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள். ஸ்பேனர் எழுந்துவிட்டான்.

"அப்பா, நீங்க எடுக்கலையா?"

"நீ எடுக்கலையா?"

"நீங்கதானே வேலி கட்டினீங்க."

"நீதானேடா தனியா குழாய் போட்ட. நீ எங்கிருந்தோ கொண்டாந்து ஒளிச்சு வச்சிருக்க, கேட்டா சங்கடப்படுவியேன்னு நான் கேக்கலை. ஆடு மாடு கடிச்சிடக் கூடாதேன்னு தட்டி மட்டும் கட்டினேன்."

"நீங்க வாளியில தண்ணி தூக்கிட்டுப் போறதைப் பாத்தேன். முதுகு வலிக்குமேன்னு குழாய் போட்டேன். நீங்க வச்ச மரம்னு நினைச்சேன்பா."

பத்து மாதம். ஒரே மரத்துக்கு இரண்டு பேர் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், ஒருவர் குற்றத்தை ஒருவர் மூடிக்கொண்டு. மூத்தவள் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று அப்பா பதறிக் குனிந்தார். அவள் தோள் குலுங்கியது அழுகையால் இல்லை.

"அப்ப யாருதான் எடுத்தது?" என்றான் ஸ்பேனர்.

"யாரும் எடுக்கலை," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

துறைத்தலைவி பொத்தான் இல்லாத கோட்டோடு நின்றிருந்தார். கையில் ஒரு படம். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள். "இது எங்க கன்று. கோடு தெரியுதா? இது உங்க தோட்டத்து இலை. ஒண்ணுமே இல்லை, பாருங்க. நாங்க வச்ச ஜீன் இந்த மரத்துல கிடையாது. ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன். முதல் தடவை என் கை மேல எனக்கே நம்பிக்கை வரலை."

"அறுபத்து மூணு?" என்றாள் மூத்தவள்.

"எரிச்சாச்சு. எரிப்பு அறைப் புத்தகத்துல இருக்கு. அன்னிக்கு வேலையில இருந்தவர் நம்ம பதிவேட்டுல கையெழுத்துப் போட மறந்திருக்கார்." தலைவி படத்தை அவள் கையில் கொடுத்தார். "இன்னொண்ணு. வைரஸ் இருக்கான்னும் பாத்தேன். அதுவும் இல்லை."

அப்பாவுக்கு அதன் முழு அர்த்தம் விளங்கவில்லை. மகளின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் ஏதோ பெரிய சங்கதி என்று புரிந்துகொண்டார்.

நாலரை மணிக்கு அவள் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழேயே, தோட்டத்தில் ஒரு மரத்தின் மேல் சந்தேகம் எழுந்ததையும், சோதித்ததையும், முடிவையும் நான்கு வரியில் எழுதினாள்.

"இதை எழுதணும்னு கட்டாயம் இல்லை," என்றார் தலைவி. "எழுதினா கமிட்டி துருவும்."

"துருவட்டும் மேடம். காலையில நான் பயந்தது நிஜம்தானே."

தலைவி தாளை வாங்கிக்கொண்டார்.  கோட்டைக் கழற்றி மாட்டும்போது, "நல்ல அப்பா, நல்ல தம்பி. பொய்தான் சரியா சொல்லத் தெரியலை," என்றார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மூன்று பேரும் பம்ப் அறைக்குப் பின்னால் நின்றார்கள். கழுத்தில் அளவு டேப்போடு அம்மாவும் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். நடந்ததை ஸ்பேனர் சொல்லி முடித்தான்.

"இதுக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்றாள் அம்மா. "விதை நான் போட்டது."

மூன்று தலைகளும் திரும்பின.

"யாரும் என்னைக் கேக்கலையே. போன வருஷம் துணி எடுக்கப் போயிட்டு பஸ்ல வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா ஒரு பழம் வெட்டி எனக்கும் பாதி குடுத்தாங்க. அப்படி ஒரு ருசி. விதையைக் கைக்குட்டையில முடிஞ்சுட்டு வந்து இங்க தூவினேன். ஒண்ணே ஒண்ணுதான் முளைச்சுது."

"அந்த அம்மா எந்த ஸ்டாப்ல இறங்கினாங்கம்மா?" மூத்தவளின் குரலில் பரபரப்பு.

"இறங்கினது நான். அவங்க அதே பஸ்ல போயிட்டாங்க."

ஸ்பேனர் தலையில் கைவைத்துக்கொண்டான்.

மூத்தவள் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "சந்தோஷப்படாதீங்க இன்னும். ரெண்டு விஷயம் இருக்கு. சுத்தி இவ்வளவு நோய் இருந்தும் பூச்சி இது மேல உக்காராம தப்பிச்சிருக்கலாம். வெறும் அதிர்ஷ்டம். இல்லைன்னா நிஜமாவே தாங்குற மரமா இருக்கலாம். தப்பிச்சதா, தாங்குதான்னு தெரியணும்."

"எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

அவள் பையிலிருந்து இலை அரைக்கும் சின்னக் கல்வத்தை எடுத்து வேலியோரம் வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மகள் பசுமைக்குடிலில் செய்கிற வேலை அவருக்குத் தெரியும்.

"நோயை நாமே குடுக்கணுமா?"

"ஆமாப்பா."

"தாங்கலைன்னா?"

"போயிடும். பக்கத்துளிர் ஏதாவது விட்டிருந்தா நகல் எடுத்து வச்சுக்கலாம். இது ஒத்தைத் தண்டா நிக்குது. விதையிலயும் முழு நம்பிக்கை வைக்க முடியாது, மகரந்தம் எதுல இருந்து வந்துச்சோ. வேண்டாம்னா சொல்லுங்க, விட்டுடலாம். உங்க மரம்."

"என் மரம்," என்று அம்மா திருத்தினாள். யாரும் மறுக்கவில்லை.

அப்பா மஞ்சள் வரிசைகளைத் திரும்பிப் பார்த்தார். நானூறையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டவர். மிச்சம் இருக்கிற ஒன்றுக்குத் தானே நோய் கொடுப்பதென்றால் யாருக்கும் கை வராது.

"ஒண்ணு கேக்கவா?" என்றான் ஸ்பேனர். "இது நிஜமாவே தாங்குதுன்னு வச்சுக்கோ. அப்ப நீ ஏழு வருஷம் பண்ணது?"

"நானும் மத்தியானத்துல இருந்து அதைத்தான் நினைச்சுட்டு இருக்கேன்." அவள் நோய்ப்பட்ட இலையைக் கல்வத்தில் போட்டு, குப்பியிலிருந்த திரவத்தை ஊற்றி அரைக்க ஆரம்பித்தாள். "கொஞ்சம் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. ஒரு கைக்குட்டை பண்ண வேலையை நான் ஏழு வருஷமா பண்ணிருக்கேன். ஆனா இந்த வைரஸ் மாறிக்கிட்டே இருக்கும்டா. ஒரு வழியை அது தாண்டிடுச்சுன்னா இன்னொரு வழி வேணும். என் மரத்தையும் இதையும் சேர்த்து வளத்தா, ரெண்டு பூட்டு ஒரே கதவுல." அரைத்ததை வடிகட்டினாள். "அதுக்கு முதல்ல இது பூட்டுதானான்னு தெரியணும்."

அம்மா மரத்தின் இலையொன்றை விரலால் அளப்பதுபோலத் தடவினாள். பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னாள். "பாத்துடலாம். பயந்துக்கிட்டே எத்தனை நாள் தண்ணி ஊத்துவீங்க?"

அப்பா சட்டைக் கையை மடித்தார். "எப்படின்னு காட்டு. நானே பண்றேன்."

அவள் இளம் இலையின் மேல் மிக மெல்லிய கருநிறத் தூளைத் தூவினாள். "இது இலைத்தோல்ல சின்னச் சின்னக் கீறல் போடும். அது வழியா சாறு உள்ள போகும். அழுத்தாதீங்க. காம்புல இருந்து நுனிக்கு, ஒரே பக்கமா."

ஸ்டீயரிங் பிடித்துக் காய்ப்புக் காய்த்த விரல். சாற்றில் தோய்த்து, இலையின் அடியில் இடது உள்ளங்கையைத் தாங்கலாகக் கொடுத்து, காம்பிலிருந்து நுனிக்கு இழுத்தார். ஜுரம் வந்த குழந்தையின் நெற்றியில் பற்றுப் போடுகிற பதம் அது. மூன்று இலை.  முடிந்ததும் ஸ்பேனர் தண்ணீர் ஊற்ற, அவள் இலைகளை மெதுவாக அலசினாள்.

"எத்தனை நாள்?" என்றார் அப்பா.

"மூணு வாரம். புது இலை மஞ்சளா வந்தா முடிஞ்சுது. பச்சையா வந்தா..." அவள் கல்வத்தைக் கழுவத் தொடங்கினாள்.

"மூணு வாரமும் யாராவது தினம் பாத்துக் குறிச்சு வைக்கணும், இல்லையா? எங்க மூணு பேருக்கும் அது தெரியாது." அவர் மரத்தைப் பார்த்துத்தான் பேசினார். "குவார்ட்டர்ஸ்ல தனியா கிடக்கிறதுக்கு, இங்கேயே தங்கிடேன்."

ஆறு வருடமாக நேரே கேட்கத் தெரியாத மனிதர் ஒரு மரத்தைச் சாக்கு வைத்துக் கேட்டுவிட்டார். மூத்தவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சரிப்பா. நாளைக்குக் கமிட்டி முடிஞ்சதும் பெட்டியை எடுத்துட்டு வந்துடுறேன்."

அப்போது அவளுடைய போன் அடித்தது. துறைத்தலைவி. அவள் 'ம்' கொட்டிக் கேட்டாள். ஒருமுறை மரத்தைப் பார்த்தாள். "இப்பதான் மேடம், சாறு தேய்ச்சு முடிச்சோம்," என்றாள். எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம். தலைவி ஏதோ சொன்னார். அவள் போனை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"என்னவாம்?" என்றான் ஸ்பேனர்.

"நான் எழுதின நாலு வரியைக் கமிட்டி படிச்சிடுச்சு. நாளைக்குக் கூட்டம் ஆபீஸ்ல இல்லையாம். காலையில ஒன்பது மணிக்கு ஏழு பேரும் இங்க வர்றாங்க. அவங்க முன்னாடி, அவங்க ஆளே இலை பறிச்சு மறுபடி சோதிப்பாங்களாம். அதுக்கு அப்புறம்தான் அனுமதியைப் பத்திப் பேசுவாங்களாம். இந்த மூணு இலையில ஒண்ணைப் பறிச்சாங்கன்னா வைரஸ் இருக்குன்னுதான் வரும்."

அப்பா ஈரம் சொட்டும் மூன்று இலைகளைப் பார்த்தார். சாறு தேய்த்த விரலைச் சட்டையில் துடைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"ஏழு பேரா?" என்றாள் அம்மா. "நம்மகிட்ட நாலு நாற்காலிதான் இருக்கு."